ஒண்ணாப்புக்கு வந்த கதவுகள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் தகரக் கதவு ராயம்மாள். என் சின்ன மகள் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்த வருஷம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், கோவில் வராந்தாவில் நாங்கள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தபோது சொன்னாள். ராயம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்கிற அளவுக்கு அவளுக்கு வசதி வாய்க்கவில்லை.

அவள் வாக்கப்பட்டுப் போன ஊர் இலந்தைவிளை. அங்கே கோவில் உண்டு, கோவிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் உண்டு, அதைத் தாண்டினால் உப்பளம், அதையும் தாண்டினால் கடல். ஆனால் கடலைவிடப் பெரிதாக அந்த ஊரில் இருந்தது மரியாதை. அந்த ஊர்க்காரர்கள் மரியாதையைத் தின்று மரியாதையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள். யார் வீட்டுக்குள் வரலாம், யார் முற்றத்தோடு நிற்க வேண்டும், யார் முற்றத்துக்கும் வராமல் ரோட்டிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞானஸ்நானத் தண்ணீரோடு கலந்து தலையில் ஊற்றிவிடுவார்கள் போல. அவர்களுக்காகவும் நான் ஜெபமாலையில் ஒரு மணி உருட்டுகிறேன். ஒரு மணிதான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணாப்பு எடுக்கச் செலஸ்டினா டீச்சர் வந்தது ஒரு மே மாதம். மே மாதத்தில் டீச்சர்மார் பிள்ளை பிடிக்கப் போக வேண்டும், அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று கெஞ்சுகிற வேலை. செலஸ்டினா டீச்சரும் போனாள். தட்டின கதவெல்லாம் ஒரு கை அளவுக்குத் திறந்தது, சிலது அதற்கும் திறக்கவில்லை.

"யாரு?"

"ஒண்ணாப்பு டீச்சரும்மா. பிள்ளைக்கு வயசு ஆயிருக்குன்னு சொன்னாங்க."

"அவிய வீட்டுல இல்ல. அப்புறம் வாங்க."

வெயிலில் நிற்கிற பெண்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. உப்பளக் கான்டிராக்டர் தொபியாஸ் வீட்டில் தேக்கில் செய்த இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ், மேலே திருஇருதயப் படம், படத்துக்குக் கீழே 'இவ்வீட்டிற்குச் சமாதானம்' என்று எழுத்து. அந்தச் சமாதானத்துக்கு வெளியே டீச்சர் வெகுநேரம் நின்றாள். கான்டிராக்டர் மனைவி பெனடிக்டா ஜன்னல் வழியாகவே பேசி, ஜன்னல் வழியாகவே அனுப்பிவிட்டாள்.

கடைசியாக டீச்சர் போனது உப்பளத்துக் குடிசைக்கு. அங்கே கதவு இல்லை, ஒரு சணல் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் டீச்சர் தயங்கி நிற்க, உள்ளேயிருந்து ஒரு கை சாக்கைத் தூக்கியது.

"வாங்க டீச்சர். குனிஞ்சு வாங்க. எங்க வீட்டுக்கு எல்லாரும் குனிஞ்சுதான் வரணும், பிஷப்பே வந்தாலும்."

அவள் பெயர் வியாகுலம். உப்பு வாருகிற வேலை. அவளுடைய ஒரே பிள்ளை ஞானதீபம், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தது. கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே டீச்சர் கேட்டாள்:

"கதவு வைக்கலியாம்மா?"

"வச்சோம். பச்சைப் பெயின்ட் அடிச்ச கதவு. தீபம் அதுல கரிக்கட்டையால பெரிய கோழி ஒண்ணு வரைஞ்சு வச்சிருந்தா. தவசுக் காலத்துல கான்டிராக்டர் ஆளுக வந்து கழத்திட்டுப் போயிட்டாவ."

"ஏன்?"

"கதவு இருந்தா அது வீடாம் டீச்சர். வீடுன்னு ஆயிட்டா நாளைக்கு எடமும் எங்களுதுன்னு சொல்லிருவோமாம். சாக்கு தொங்குனா அது வெறும் மறைப்புதானாம். நீங்க இப்ப மறைப்புக்குள்ள உக்காந்து காப்பி குடிக்கிய."

டீச்சர் சிரித்தாள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் அவரவர் வீட்டுக் கதவுகளும் வந்தன. கன்றுக்குட்டி மாதிரி, அவசரம் இல்லாமல், குழியும் மேடும் பார்த்து, நிமிர்ந்தபடி நடந்து வந்தன. பிள்ளை அழுது நின்ற இடத்தில் கதவும் நின்றது, பிள்ளை மிட்டாய்க்கடையைப் பார்த்து நின்ற இடத்திலும் நின்றது. வகுப்புக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டன. வேப்பமரக் கதவு, பிளைவுட் கதவு, அடிப்பக்கம் கரையான் தின்ற கதவு, ராயம்மாளின் தகரக் கதவு, நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே கான்டிராக்டரின் தேக்கு. ஏன் வந்தன என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ராயம்மாள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டீச்சர் ஆஜர் எடுத்து முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த வேப்பமரக் கதவைத் தட்டித் திறந்தாள். அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையின் வீடே இருந்தது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பிள்ளை சாப்பிட்டு வந்தானாம்மா?"

"ரெண்டு இட்லிதான் தின்னான் டீச்சர், அதுலயும் ஒண்ணை நாய்க்குப் போட்டுட்டான்," என்றாள் அவள், ரோட்டில் நின்று பேசுவதுபோலச் சாதாரணமாக.

அன்றைக்கு டீச்சர் அ ஆ சொல்லித் தரவில்லை. யாராவது தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தாள். எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும், திறந்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்க் கதவைத் திறந்து, வீட்டுக்குள் திகைத்து நிற்கிற தங்கள் தாய் தகப்பனைப் பார்த்தே வாங்க வாங்க என்று சொல்லிப் பழகின. இலந்தைவிளை பெரியவர்களில் பலபேர் அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கிட்டத்தில் இருந்து கேட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. மரியாதைக்குக் குறைச்சல் வராத எதையும் அந்த ஊர் பழகிக்கொள்ளும். சாயங்காலம் மணி அடித்ததும் கதவுகள் பிள்ளைகளோடு வீடு திரும்பின, அதுவரைக்கும் வாசலில் பழைய சேலையைக் கட்டிவிட்டார்கள். தபால்காரர் ஊருக்குள் சுற்றுவதை விட்டுவிட்டு நேரே ஒண்ணாப்புக்கு வந்து கதவுக்கடியில் கடிதங்களைச் செருகினார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவரும் அப்படியே. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், முன்கதவு வழியாகத்தான் நுழைவோம், அதுதான் முறை என்று பிடிவாதமாக நின்றதால், தாம்பூலத் தட்டோடு வகுப்புக்குள் வந்து, கரும்பலகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். இது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ள முடியாமல் போனது எந்தக் கதவு எந்தக் கதவுக்குப் பக்கத்தில் சாய்கிறது என்பதைத்தான்.

பெனடிக்டா தன் வீட்டு வாசலுக்கு அன்றைக்கே ஆள் விட்டு இரும்பு ஷட்டர் போட்டாள். வகுப்பில் நிற்கிற தேக்குக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டும் போட்டு, சாவியை மகள் ஷெரின் கழுத்தில் மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கோத்துவிட்டாள். டீச்சர் திறப்பதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றாள். சொல்லி அனுப்பினால் வசதிப்படவில்லை என்று பதில் வந்தது. ஆகவே கதவு நின்ற வீடுகளில் டீச்சர் வெகுநாள்வரை எட்டிப் பார்க்காத வீடு அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து காலையில் யாரோ தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் தினமும் வந்துகொண்டிருந்தது. "அது எங்க வீட்டு எலி," என்றாள் ஷெரின், அம்மா சொல்லிக்கொடுத்தபடி.

ஞானதீபத்தோடு அந்தச் சாக்குத்தான் வந்தது. நடக்க எலும்பு இல்லாததால் மண்ணில் இழுபட்டு, முள்ளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தது. சுவரில் சாயவும் அதனால் முடியவில்லை, சரிந்து தரையில் குவியலாகக் கிடந்தது. குவிந்து கிடக்கிற சாக்கைத் திறந்து வீட்டைப் பார்ப்பது எப்படி? ஒரு ஆணி இருந்தால் தொங்கவிடலாம். டீச்சர் போய் எட்வின் சாரிடம் கேட்டாள், அவர்தான் ஹெட்மாஸ்டர்.

"சுவருக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு டீச்சர். உபயம் எழுதியிருக்கு, பாக்கலியா?"

பார்க்காமல் இருக்க முடியாது. தொபியாஸ், அவர் தகப்பனார், தகப்பனாரின் தகப்பனார், பெனடிக்டா, ஷெரின் என்று குடும்பம் முழுவதும் சிவப்பு எழுத்தில் அந்தச் சுவரில் குடியிருந்தது. எழுத்துப் போக மிச்சம் இருந்த இடம்தான் சுவர். எங்கே ஆணி அடித்தாலும் யாராவது ஒருத்தர் பெயரில்தான் இறங்கும்.

ஆடி மாதக் காற்று தொடங்கின சமயம் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பெனடிக்டா பட்டுச்சேலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற தாய்மார் அவரவர் கதவுகளைத் திறந்து வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டார்கள். வியாகுலம் உப்பளத்தில் இருந்து நேரே வந்து, வெடித்த பாதத்தோடு வகுப்புக்கு வெளியே நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றாள் பெனடிக்டா. "பிள்ளைகள்தான் பாவம். சாக்கு தரையில கெடக்கு, காலைத் தட்டுது. எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்லா?"

"வேணும்மா, கண்டிப்பா வேணும்," என்றார் எட்வின் சார். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் எழுந்து நின்றுவிடுவார்.

சுவரில் நிற்கிற கதவு உள்ள பிள்ளைக்குத்தான் வகுப்பில் இடம், மாதா திருநாள் லீவு விடுகிற அன்றைக்குக் கதவு நிற்காத பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவது என்று தீர்மானம் ஆனது. பெயர் போனால் தீபம் அம்மாவோடு உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே சிறு பிள்ளைகளின் கண்ணை வெள்ளை வெயில் என்ன செய்யும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் தலையை ஆட்டினார்கள்.

வியாகுலம் வெளியே நின்றபடியே சொன்னாள்: "கதவு வைக்காதேன்னு கான்டிராக்டர் ஐயா சொன்னாவ. கதவு இல்லாம வராதேன்னு அம்மா நீங்க சொல்லுதிய. ரெண்டு பேரும் ஒருநாள் வீட்டுல உக்காந்து பேசி, எதுன்னு முடிவு பண்ணி, எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க."

ஒரு கதவுக்குள் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

டீச்சர் தாய்மாரைப் பார்த்தாள். "உங்க யார் கதவுலயாவது ஒரு கொக்கி இருக்கும். அந்தச் சாக்கை அதுல மாட்டிக்கிடலாமா?"

"எங்க கதவுல மாதா படம் இருக்கு டீச்சர்."

"எங்களுக்கு வாடகை வீடு. கதவு ஓனரோடது."

"மாமியார்ட்டக் கேக்கணும்."

"செய்யலாம்தான், ஆனா நாளைக்கு ஊருல பேசுவாவல்லா."

இப்படி ஒவ்வொரு கதவாக மெதுவாகச் சாத்திக்கொண்டது. இந்தப் பெண்கள் எல்லாரும் ஞாயிறு தோறும் முன்வரிசையில் முட்டுக்குத்தி நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள். ஆண்டவர் பொறுமைசாலி, நான் அவ்வளவு இல்லை.

மாதா திருநாள் லீவு விடுகிற அன்றைக்குக் காலையில் செலஸ்டினா டீச்சர் சீக்கிரமே வந்தாள். பிள்ளைகள் வந்தன, கதவுகள் வந்தன, கடைசியாகத் தீபமும் சாக்கும் வந்தார்கள். டீச்சர் சாக்கை உதறி, முள்ளை எடுத்து, அதன் இரண்டு மூலைகளையும் இரண்டு கையால் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். கைவிரி ஜெபத்தில் நிற்கிறவளைப் போல நின்றாள். நின்றபடியே ஆஜர் எடுத்தாள், நின்றபடியே பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். எட்வின் சார் வந்து பார்த்தார்.

"என்ன டீச்சர் இது?"

"கதவு நிக்கணும்னு சொன்னீங்க சார். நிக்குது."

"எவ்வளவு நேரம் டீச்சர் நிப்பீங்க?"

"கதவு எவ்வளவு நேரம் நிக்குமோ அவ்வளவு நேரம்."

அவர் விதியை மனதுக்குள் ஒருதடவை புரட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கு நிமிர்ந்து தொங்கியதும் முதல்முதலாக அதன் அந்தப் பக்கம் தெரிந்தது. குடிசை தெரிந்தது, குடிசைக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம், உப்பு வாரிக்கொண்டிருக்கிற வியாகுலம், அதற்கும் பின்னால் கடல். சாக்கின் கண்களுக்குள் புகுந்து காற்று வந்தது. பிள்ளைகளின் உதட்டில் உப்புக் கரித்தது, சிலேட்டில் எழுதின எழுத்தின்மேல் உப்பு படிந்தது, மற்ற கதவுகள் எல்லாம் காற்றில் திறந்து திறந்து அடித்துக்கொண்டன. கதவுக்குள் நின்ற தாய்மார் டீச்சர் சாக்கை இறுக்கி இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தார்கள். "கை வலிக்கும்லா," என்றாள் ஒருத்தி. அவளுடைய இரக்கம் அத்தோடு முடிந்தது. இன்னொருத்தி குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் போய் வந்தன, டீச்சர் போகவில்லை. தீபம் தன் சோற்றில் ஒரு உருண்டை கொண்டுவந்து டீச்சர் வாயில் வைத்தது.

பிற்பகலில் டீச்சரின் கைகள் காது வரைக்கும் இறங்கிவிட்டன. சாக்கின் கீழ்ப்பாதி தரையில் மடிந்துவிட்டது. வராந்தாவில் எட்வின் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அப்போது தேக்குக் கதவுக்குப் பின்னால் அந்தத் தட்டுகிற சத்தம் என்றைக்கும் இல்லாத வேகத்தில் கேட்டது. உப்புக்காற்று அந்தக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே போனது, தட்டுவது எதுவோ அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷெரின் எழுந்து நின்றாள். "டீச்சர், யாரோ தட்டுதாவ."

"தட்டினா என்ன செய்யணும் ஷெரின்?" டீச்சருக்கு மூச்சு வாங்கியது. பாடம் கேட்கிற பழக்கத்தில் கேட்டாளே தவிர வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை.

"திறந்து 'வாங்க'ன்னு சொல்லணும்."

பிள்ளை கழுத்துச் சாவியை எடுத்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பெனடிக்டாவின் குரல், "ஏட்டி ஷெரின், திறக்காத," என்று கேட்டது. ஆனால் சாவி திரும்பிவிட்டது. தேக்குக் கதவு இரண்டாகத் திறந்தது. கூடம், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, ஊசலாடுகிற கடிகாரம், அதற்கு நேர் பின்னால் பின்முற்றம். பின்முற்றத்தில் இரண்டு டிரம்முக்கு மேல் ஒரு பச்சைக் கதவைக் கிடத்தி, அதன்மேல் துணி விரித்து வடகம் காயப் போட்டு, பறக்காமல் இருக்க அம்மிக்கல்லும் ஏற்றி வைத்திருந்தார்கள். கதவு அந்தக் கல்லோடு சேர்ந்து துள்ளித் துள்ளி டிரம்மில் அடித்துக்கொண்டிருந்தது. துணி விலகிய ஓரத்தில் ஒரு கரிக்கோழியின் தலை தெரிந்தது.

"எங்க கோழி," என்றது ஞானதீபம்.

"வாங்க," என்றாள் ஷெரின்.

அம்மிக்கல் உருண்டது. பச்சைக் கதவு எழுந்து நின்று, உடம்பை உதறி, முற்றத்தைத் தாண்டி, கூடத்தில் சோபாவை உரசிக்கொண்டு, வழியெல்லாம் வடகம் உதிர உதிர நடந்து, தேக்கு வாசலைக் கடந்து வகுப்புக்குள் வந்து, தீபத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தது. கரிக்கோழி கொஞ்சம் மங்கியிருந்தது. டீச்சர் கைகளைக் கீழே போட்டாள். தாய்மார் எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கதவு யாருடையது, எங்கே இருந்தது, எதற்கு இருந்தது என்று ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தது. கூடத்தில் நின்ற பெனடிக்டா வாயைத் திறந்தாள்.

"என் வடகம்," என்றாள்.



ஊர் இதையும் பழகிக்கொண்டது. எட்வின் சார் உள்ளே வந்து பச்சைக் கதவு சுவரில் நிற்பதைப் பார்த்து, ஒழுங்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். திருநாள் பூசை முடிவில், ஏழைக் குடும்பம் ஒன்றுக்குக் கான்டிராக்டர் தொபியாஸ் கதவு வழங்கியிருக்கிறார் என்று அறிவித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், கண்ணால் பார்த்த தாய்மாரும் தட்டினார்கள். கதவில் உபயம் எழுத ஒரு பெயின்டரைக்கூட அனுப்பினார்கள். அவன் பிரஷ்ஷை நனைப்பதற்குள் சாயங்கால மணி அடித்து, கதவு பிள்ளைக்குப் பின்னால் போய்விட்டது. உப்பளம் வரைக்கும் டப்பாவோடு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கான்டிராக்டர் ஆட்கள் மறுபடியும் கதவைக் கழற்றப் போனார்கள். கழற்ற நிலையும் இல்லை, கீலும் இல்லை. குடிசைக்கு முன்னால் மணலில் அதுவாக நின்றது. தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனால், காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு இறங்கித் தீபத்துக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நாளில் அலுத்து விட்டுவிட்டார்கள். ஆக அது வீடாகிவிட்டது.

ஷெரினை டவுனில் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். தேக்குக் கதவைக் கயிறு போட்டு லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே தாய் தகப்பன் கேட்டைத் தாண்டக் கூடாதாம், கதவையும் கேட்டோடு நிறுத்திவிட்டார்களாம். யார் தட்டினாலும் அந்தப் பிள்ளை ஓடிப்போய்த் திறந்து வாங்க என்று சொல்லி, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தது என்று ராயம்மாள் சொன்னாள். அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபமாலையில் ஒரு மணியோடு நிறுத்துவதில்லை.

சாக்கு வகுப்பிலேயே தங்கிவிட்டது. ராயம்மாள் தன் தகரக் கதவில் இருந்து ஒரு ஆணியைப் பிடுங்கிக் கொடுக்க, டீச்சர் அதைத் தொபியாஸின் தாத்தா பெயருக்கு நடுவில் அடித்துச் சாக்கைத் தொங்கவிட்டாள். அந்த ஆணியை முதலிலேயே ஏன் கொடுக்கவில்லை என்று நான் ராயம்மாளிடம் கேட்கவில்லை. அவளும் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூனிலும் கதவில்லாமல் எந்தப் பிள்ளை வந்தாலும், சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் வீடு தெரிந்ததாம். டீச்சர் ஓய்வுபெற்றுப் போன வருஷம் சாக்கும் இற்று விழுந்துவிட்டது.

என் சின்ன மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை கிடைத்திருக்கிறது, ஒண்ணாப்பு. மே முழுக்கப் பிள்ளை பிடிக்கப் போய் முகம் கறுத்துத் திரும்பி வந்தாள். ஒரு வீட்டிலும் வாங்க என்று சொல்லவில்லை அம்மா என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆணி என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய சணல் சாக்கு ஒன்று இருந்தால் கொடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், அதில் காற்று வராது.